காற்றாடிமலையில் ஒரு காலை

முப்பந்தலை நெருங்கும்போதே காற்று பேருந்தை உலுக்கத் தொடங்கிவிடும். ஆரல்வாய்மொழியில் இறங்கியதும் அம்மா முந்தானையைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். காற்றாடிமலை என்று சும்மாவா பேர் வைத்தார்கள்!

1752 ஜனவரி 14 அன்று இங்கேதான், கிறிஸ்தவத்துக்கு மாறிய தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் முழந்தாளிட்டுச் செபித்த தடம் என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். பக்கத்தில் மணியடிச்சான் பாறை. சின்னக் கல்லால் தட்டினேன், கணீர் என்றது. அம்மா மூன்று தரம் தட்டினார்.

அவர் இறந்த விதத்தைவிட, கடவுளிடம் வந்த விதம்தான் எனக்கு நெருக்கம். அப்போது அவர் நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். மாடுகள் செத்தன, பயிர் அழிந்தது. நொந்துபோயிருந்தவருக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார். அதில் ஆறுதல் கண்டவர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு மனைவியும் மனம் மாறி ஞானப்பூ ஆனார்.

யோபுவுக்காவது போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. இவருக்குக் கிடைத்தது அவமானப்படுத்தப் போட்ட எருக்கம்பூ மாலை. எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அப்போதும் கடவுளை விடவில்லை. கஷ்டத்துக்கு ஆறுதல் தேடி வந்தவர்தான், நம்மைப் போல. எந்த நாளில் அது நேசமாக முற்றியது என்று யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

புனிதம் என்பது அன்பின் நிறைவு, அதற்குக் குடும்பஸ்தர்களுக்கும் அழைப்பு உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் எழுதி வைத்தது. மனைவியோடு வாழ்ந்த இந்த மனிதர் 2022 மே 15 அன்று புனிதரானார்.

மதியம் கோட்டாறு சவேரியார் பேராலயம் போனோம். பீடத்தின் முன்னே அவருடைய கல்லறை. அம்மா பர்சிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"உன் வேலை, தங்கச்சி கல்யாணம், என் முட்டுவலி."

"அவ்வளவுதானா?"

"கடைசியில, இதுல எது நடந்தாலும் நடக்காட்டாலும் அடுத்த வருசமும் வருவேன்னு எழுதிருக்கேன்."

அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னை அவசரப்படுத்தினார்.