அஞ்சடி வெளிச்சம்

ஆட்களை முகப்படம் எடுக்க எனக்குப் பிடித்த ஸ்டூடியோ லிட்டில் இந்தியா கடைவீட்டு அஞ்சடிதான், அதாவது கடைக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதை. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே 1 மணி வாக்கில். அந்த வெயிலில் யாரை நிறுத்தினாலும் கண் இரண்டும் குழியாகிவிடும். அஞ்சடிக்குள் இரண்டு எட்டு வைத்தால், தரையில் பட்டு எழும்பும் வெளிச்சம் கன்னத்தில் மெத்தென்று விழும். 1822-இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்றாரே, போட்டோ எடுப்பவர்களுக்கும் சேர்த்துப் புண்ணியம்!

நேற்று கேம்பல் லேனில் பூக்கட்டும் அக்கா. "இருங்க தம்பி, முகம் கழுவிட்டு வரேன்."

"வேண்டாங்க்கா, நீங்க கட்டிக்கிட்டே இருங்க."

50 எம்எம் லென்ஸ், கைக்கெட்டும் தூரம். எதிர்ச்சாரியிலிருந்து ஜூம் போட்டு எடுப்பது எனக்கு ஒத்துவராது, திருட்டுத்தனம் மாதிரி. பேச்சு மகனின் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) பக்கம் திரும்பியதும் கேமராவை மறந்தார். பல்லிடுக்கில் நூல், பச்சைக் கறை ஏறிய நகங்கள், ஓரக்கண்ணில் ஒரு பெருமை. அப்போது எடுத்ததுதான் படம்.

முகநூலில் போடலாமா என்று கேட்டேன். "பொட்டு கோணலா இருக்கு, போடாதீங்க. எனக்கு மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றுவிட்டார். ஆகவே இது படமில்லாத பதிவு, மன்னிக்க.