பதினெட்டு வாக்கியங்கள்

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். பேப்பர் போட்டே ஆகவேண்டும் என்று ஆய்வாளர்கள் மேல் விழும் அழுத்தத்தை அளப்பதற்கான கேள்வித்தாள். நெதர்லாந்தில் யூரி டைடிங்க் குழுவினர் 2014-ல் வெளியிட்டது. 2019-ல் தமரிண்டே ஹேவனும் உடன் பணியாற்றியவர்களும் திருத்தி அமைத்தார்கள். 18 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறோம் என்று ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும்.

வேலை நேரம் முடிந்த பிறகும் கட்டுரைக்காகவே உட்கார வேண்டியிருக்கிறது என்ற பொருளில் ஒன்று வந்தது. யோசிக்கவே இல்லை, கடைசிக் கட்டத்தில் போட்டேன். சேர்ந்து எழுதுகிறவர்கள் துணை நிற்கிறார்களா என்ற இடத்தில்தான் கை நின்றுவிட்டது.

பக்கத்து மேசையில் ஒரு தோழி இருந்தாள். என் வரைபடம் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, x, y அச்சுகளின் அளவுகோல் தப்பாக இருந்தால் பென்சிலால் வட்டம் போட்டுத் தருவாள். இரண்டு பேருக்கும் கெடு நெருங்க நெருங்க, அவள் என்னுடையதைப் பார்ப்பதை நிறுத்தினாள். நானும் அவளுடையதைப் பார்க்கவில்லை. அவளுடைய பதினான்கு மாதச் சோதனையில் எதிர்பார்த்த விளைவு இல்லை என்று தெரிந்தது. அதுவும் ஒரு முடிவுதானே! ஆனால் அதை எந்த நல்ல ஜர்னலும் எடுக்காது என்று சொல்லிவிட்டார்கள். மார்ச் மாதம் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

ஆய்வாளரை எடைபோடும் ஹெச்-இன்டெக்ஸ் என்ற எண்ணில் இது எங்கே தெரியும்? 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் சொன்ன கணக்கு அது: ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் 20. வெளிவந்ததை மட்டும்தான் அது எண்ணும். இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் நோபல் வாங்கிய 2013-லேயே, இன்றைக்கு என்றால் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று சொன்னார். 1964-க்குப் பிறகு அவர் எழுதியது பத்துக் கட்டுரைக்கும் குறைவு.

அதனால்தான் இந்தக் கேள்வித்தாளை நான் மதிக்கிறேன். ஆளிடமே கேட்கிறது. மன அழுத்தம், பேப்பர் போடுவது பற்றிய எண்ணம், கிடைக்கும் துணை என்று மூன்றையும் தனித்தனியே பார்க்கிறது. ஒரே கெடு, ஒரே வேலை. கைகொடுக்க ஆள் இருப்பவர் தூங்குகிறார், இல்லாதவர் தூங்குவதில்லை. மொத்தமாக ஒரே மதிப்பெண் போட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

ஆனால் எங்களுக்கு இது வந்தது நிறுவன மின்னஞ்சலில். வேலையை விட்ட அன்றே அந்த முகவரியை மூடிவிடுவார்கள். தாங்க முடியாமல் போனவர்கள் யாருக்கும் இது போய்ச் சேராது. இன்னும் தாங்கிக்கொண்டிருப்பவர்களின் சராசரிதான் கிடைக்கும். அப்படி வரும் எண் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

இதை விளக்கி, கணக்கெடுப்பு நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். விலகியவர்களின் சொந்த முகவரி இருந்தால் அனுப்பத் தயார் என்று பதில் வந்தது. நான்கு பேரிடம் சம்மதம் கேட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள். தோழி இன்னும் பதில் சொல்லவில்லை.