கடலுக்கு முதுகு காட்டும் தேத்தண்ணிக் கடைகள்

ரொறொன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் மாசியில் வருகிறாள். பத்து நாள்தான் லீவாம். அதில் ஒரு சனி ஞாயிறை எனக்கு ஒதுக்கியிருக்கிறாள். "அண்ணா, கிளிநொச்சியில இருந்து காரில வெளிக்கிட்டு, கடற்கரைக் கபே ஒவ்வொண்டா ஏறி இறங்குவம், அவசரமில்லை, ஆறுதலாப் போவம்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. கூடவே மிரிஸ்ஸ, அறுகம்குடா என்று ஏழெட்டுப் படங்கள்: தொங்குகிற மின்குமிழ், காலுக்குக் கீழே மணல், நுரையில் பூப்போட்ட கோப்பி.

வன்னியில் கடலுக்குக் குறைவில்லை, கிழக்கில் ஒன்று மேற்கில் ஒன்று என்று இரண்டு பக்கமும் இருக்கிறது. தேத்தண்ணிக் கடைக்கும் குறைவில்லை. ஆனால் கடையும் கடலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருப்பதைத்தான் நான் அதிகம் கண்டதில்லை. எங்கள் கடைகள் சந்தியைப் பார்த்தபடி, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்தபடி இருக்கும். கடல் எங்கேயோ பின்வளவுக்கு அப்பால். அதில் பிழையும் இல்லை. இரவு முழுக்கக் கடலில் கிடந்து விடியக் கரைக்கு வருகிறவர் கதிரை போட்டு மறுபடியும் அதே கடலைப் பார்க்கவா போகிறார்? அவருக்கு வேண்டியது சூடாக ஒரு பிளேன்ரீயும், இன்றைக்கு மீன் என்ன விலைக்குப் போகிறது என்ற கதையும்தான். இரண்டும் சந்தியில் கிடைக்கும்.

கடலைப் பார்த்தபடி கதிரை போட்ட புது இடங்களும் வராமல் இல்லை. போன வருசம் அப்படி ஒன்றில் நானும் மனைவியும் இறால் போட்ட பிறைட் றைஸ் சொல்லிவிட்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். கடைசியில் கோழி போட்டு வந்தது. கேட்டதற்கு "இறால் முடிஞ்சுது அண்ணை" என்றான் பெடியன். நந்திக்கடல் கூப்பிடுதூரத்தில் கிடக்க, இறால் முடிஞ்சுதாம்!

அதனால் என் திட்டம் வேறு. இரண்டு பெரிய பிளாஸ்க், நாலு கப், ஒரு பாய். சந்தியில் வாங்குவது, கரையில் குடிப்பது.

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால் முல்லைத்தீவு சுமார் 50 கிலோமீற்றர்தான். விசுவமடுவில் நிற்கத் தேவையில்லை, நேரே புதுக்குடியிருப்பு. அங்கே காலைச் சாப்பாடு. இதில் தங்கச்சிக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மேசையில் இருந்தவுடன் றோல்ஸ், பற்றீஸ், கடலை வடை, வாய்ப்பன் எல்லாம் குவித்து ஒரு தட்டு வரும். அவ்வளவும் நமக்கென்று நினைத்து முடிக்கப் பார்க்கக் கூடாது, எடுத்ததற்கு மட்டும்தான் காசு. எழும்பும்போது முதலாளி தட்டை ஒரு பார்வை பார்ப்பார். மிச்சத்தை எண்ணுகிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஆனால் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற பழக்கம் உள்ளவர் எனக்கு முதல் அந்த மேசையில் இருந்திருக்கக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொள்வேன்.

அதற்கு அடுத்தது முள்ளிவாய்க்கால். 2009க்குப் பிறகு அந்த வழியால் போகும்போது காரில் பாட்டுப் போடுவதில்லை, அது எங்கள் வீட்டு வழக்கம். இறங்கிக் கொஞ்ச நேரம் நிற்போம். பிளாஸ்கை அங்கே திறப்பதில்லை.

வட்டுவாகல் தாண்டினால் முல்லைத்தீவு. மாசியில் கடல் மார்கழிபோல அவ்வளவு கொந்தளிக்காது, ஆனாலும் பார்க்கத்தான், இறங்க இல்லை. அந்தக் கரை சட்டென்று ஆழமாகிவிடும். கரைவலை இழுக்கிற நேரம் போனால் பாயை விரித்துவிட்டு ஒரு மணித்தியாலம் பேசாமல் இருக்கலாம். அப்புறம் தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு. நாயாற்றுப் பாலத்தடியில் இரண்டாவது பிளாஸ்க். திரும்பும்போது ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கமாக வந்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சானும் வாங்கினால் அன்றைய பாடு முடிந்தது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு வீதியைப் பொழுதுபடமுன் கடக்க வேண்டும். யானையைவிட, ரோட்டில் படுத்திருக்கிற கறுப்பு மாட்டுக்குத்தான் எனக்குப் பயம்.

ஞாயிறு மேற்குக் கரை. பூநகரியில் மொட்டைக்கறுப்பன் அரிசிமாப் பிட்டுக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு ஏ32 நீளத்துக்கு வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று கடல் பக்கத்தில் இருந்தும் கண்ணில் படாமலே கூட வரும். மன்னார் தாம்போதியில் ஏறினால்தான் இரண்டு பக்கமும் தண்ணீர். மாசியென்றால் பூநாரைகளும் நிற்கலாம். கோட்டையடியில் தேத்தண்ணி, ஊருக்குள் கழுதைகள், பள்ளிமுனையில் பெருக்க மரம். தலைமன்னாருக்குப் போய்ச் சூரியன் விழுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் வீடு திரும்ப நடுச்சாமம் ஆகிவிடும், அதில் எங்கே ஆறுதல்? அதை வெட்டிவிட்டேன்.

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கேட்டா: "இவ்வளவு தேத்தண்ணி குடிக்கப் பண்ணுறியள், பொம்பிளையள் எங்கை ஒதுங்குறது?"

சரிதான். எனக்கு அது யோசனையிலேயே வரவில்லை. நான் குறித்த கடைகளில் முக்கால்வாசிக்குக் கழிப்பறை இல்லை, ஒன்றிரண்டில் இருப்பதையும் முதலாளியின் வீட்டுக்குள்ளால்தான் போய்த் தேட வேண்டும். மறுபடி கொப்பியை எடுத்து, எரிபொருள் நிலையங்கள், கோயில்கள், சொந்தக்காரர் வீடுகள் என்று குறிக்கத் தொடங்கினோம். முல்லைத்தீவுக்குக் கிட்ட வசதியான இடம் முள்ளியவளையில் மச்சாள் வீடுதான். அங்கே ஏறினால் மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் விடமாட்டா, சாப்பிட்டால் படுக்காமல் எழும்ப ஏலாது.

நாயாற்றையும் வெட்டியாயிற்று.