ஹையேஸ் தெரியாத ஊர்

"ஹையேஸ் என்றால் என்ன?" என்று கேட்டான் டொரொண்டோவில் டொயோட்டா பார்ட்ஸ் கவுண்டரில் நின்ற பொடியன். நக்கல் இல்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை.

மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் அந்த வேனைத் தெரியும். கல்யாணத்துக்கு ஹயர், கதிர்காமத்துக்கு ஹயர், செத்தவீட்டுக்கு ஹயர். வெளிநாடு போகிறவரைக் கட்டுநாயக்காவில் இறக்கவும் அதுதான். என்னை ஏற்றிவிடச் சொந்தம் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு வந்ததும், மன்னம்பிட்டியில் இறங்கித் தேத்தண்ணி குடித்ததும், அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டியதும் அதில்தான். கனடாவில் டொயோட்டா அந்த வேனை விற்பதில்லையாம். அங்கேயே ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றேன்.

அந்தக் கவுண்டருக்குப் போன காரணம் அண்ணன்தான். அவர் இன்னும் எல்எச் 113 ஓட்டுகிறார், நம்மூரில் டொல்பின் என்று சொல்லும் பழைய ஹையேஸ். "தம்பி, டீ-பெல்ட் லைட் பத்திட்டு. இஞ்ச கடையில தாறது ஒரிஜினல்தானோ தெரியா. கனடாவில நல்ல சாமான் இருக்கும்தானே, ஒண்டு எடுத்து அனுப்ப ஏலுமா?" என்று கேட்டிருந்தார். எஞ்சினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் மோதாமல் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை, 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி எரிகிற லைட் அது. தள்ளிப்போட்டு, ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போய்விடும். எஞ்சின் போனால் அண்ணன் வீட்டு அடுப்பும் போய்விடும்.

கவுண்டரில் கம்ப்யூட்டர் வாகனத்தின் 17 எழுத்து அடையாள இலக்கத்தைக் கேட்டது. ஜப்பானுக்குள் ஓடவென்று செய்து, பிறகு நம்மூருக்கு வந்த வாகனத்துக்கு அது ஏது? எல்எச் 113 என்று தொடங்கும் சேஸி நம்பர் மட்டும்தான். என் டொயோட்டா கொரோலா காரின் இலக்கமோ 2 என்று தொடங்குகிறது. கனடாவில் பொருத்தியது என்று அர்த்தம். இதே ஒன்ராறியோவில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தது. ஜப்பானில் செய்திருந்தால் ஜே என்று தொடங்கியிருக்கும். "ஜப்பான் சாமான்" என்று அப்பா சொல்லும்போது குரலில் வரும் மரியாதையை நினைத்துக்கொண்டேன்.

இந்த நாடு எனக்குப் பழகிவிட்டது. குளிருக்கு டயர் மாற்றுகிறேன், ரோட்டு உப்பைக் கழுவுகிறேன். உப்பைக் கழுவும்போது கல்லடிக் கடற்காற்றில் பொத்தலாகிப்போன அப்பாவின் வேன் கதவுதான் கண்ணுக்குள் வருகிறது. பழுதான பார்ட்ஸைப் பேப்பரில் சுற்றி, இரவு பஸ் ஏறி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடைகடையாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவார். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு பெயரிங்குக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். அப்படியும் கண்ட சாமான் வாங்கமாட்டார். புதுத் தைவான் ஹெட்லைட்டை விட, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய ஒரிஜினல் மேல் என்பார்.

அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அப்பாவோடு முழுச் சம்மதம் இல்லை. டொயோட்டா பெல்ட் செய்வதில்லை, ரப்பர் கம்பெனிகள்தான் செய்து கொடுக்கின்றன. 1906இல் தொடங்கிய பாண்டோ, 1919இல் தொடங்கிய மிட்சுபோஷி இரண்டும் கோபே நகரத்துக் கம்பெனிகள். வாகன மின்சாமான் செய்யும் டென்சோவும் 1949இல் டொயோட்டாவிலிருந்து பிரிந்ததுதான். இவர்கள் தங்கள் பெயரில், தங்கள் பெட்டியில் விற்கும் சாமானை "ஒரிஜினல் இல்லை" என்று ஒதுக்குவது அநியாயம். வைப்பர், ஏர் ஃபில்டர் போன்றவற்றுக்குப் பேர் தெரிந்த எந்தக் கம்பெனியும் போதும். பிரேக், பெல்ட், ஸ்டியரிங் என்று உயிர் தொங்கும் இடத்தில் மட்டும் ஒன்றில் டொயோட்டா பெட்டி, இல்லையென்றால் இப்படிப்பட்ட கம்பெனியின் சொந்தப் பெட்டி.

எனக்குப் பற்றி எரிவது கள்ளப் பெட்டியை நினைத்துத்தான். இங்கே கிடைக்காது என்றானதும், அண்ணன் ஊரில் ஒரு கடையில் நின்று வீடியோவில் மூன்று பெட்டி காட்டினார். டொயோட்டா பெட்டி ஒன்று, பாண்டோ ஒன்று. மூன்றாவதிலும் டொயோட்டா என்றுதான் எழுதியிருந்தது, விலையோ பாண்டோவை விடக் குறைவு. டொயோட்டா பேரைப் போட்ட சாமான் பாண்டோவை விட மலிவாக எப்படி வரும்? "அதைக் கையிலயும் எடுக்காதீங்க அண்ணன்" என்று கத்தியேவிட்டேன். காலையில் அந்த வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். அதைத் தெரிந்தும் ஒருவன் அந்தப் பெட்டியை அச்சடிக்கிறான்.

பாண்டோவை எடுத்தார். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பெயரிங்கையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். "பழசு நல்லாத்தான் சுத்துது, மறுகா பாப்பம் எண்டு மெக்கானிக் சொல்றார்" என்றார். பெயரிங் சுற்றாமல் இறுகினாலும் புது பெல்ட் அறுந்துபோகும் என்று சொல்லி, அதற்குரிய காசை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். வேலை முடிந்ததும் பழைய பெயரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறார்கள்.