கண்மாய்க் கரையில் கேட்ட ஒரு கேள்வி

நீர்ப்பாசன வேலையில் கரை உடைப்பு, மதகு அடைப்பு எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னும் மனதில் கிடப்பது ஒரு தணிக்கைப் பாராவுக்கு, அதாவது அரசுச் செலவைப் பற்றித் தணிக்கையாளர் எழுப்பும் கேள்விக்கு, நான் எழுதிய பதில்தான்.

சட்டமன்றக் குழு அரசிடம் விளக்கம் கேட்டது என்று செய்தியில் படிக்கிறோம். அந்த விளக்கத்தின் முதல் வரி பெரும்பாலும் சென்னையில் எழுதப்படுவதில்லை. எங்கோ ஒரு பிரிவு அலுவலகத்தில், வேலையின் அளவுகளைப் பதியும் எம்.புக்கைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஓர் உதவிப் பொறியாளர் எழுதுவார். அது செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று ஏறி, செயலகம் போய், கடைசியில் தணிக்கை அறிக்கைகளை ஆராயும் சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் முன்னால் வரும். ஏறும் ஒவ்வொரு படியிலும் இரண்டு வார்த்தை உதிர்ந்து, எவரும் குறை சொல்ல முடியாத ஒரு வாக்கியமாகத்தான் அது போய்ச் சேரும்.

அப்படி நான் எழுதிய வாக்கியம் இது: 'பணி முழுமையாக முடிக்கப்பட்டு மதகு நல்ல நிலையில் பயன்பாட்டில் உள்ளது.' தென்மாவட்டத்தில் ஒரு கண்மாய். கேள்வி மதகு சீரமைத்த செலவைப் பற்றியது, பில்லும் அளவும் சரியாக இருந்தன, நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கண்மாயைப் போய்ப் பார்க்கவில்லை.

அப்புறம் குழு கள ஆய்வுக்கு வந்தது. வரிசையாகக் கார்கள், கரையில் சாமியானா, இளநீர். உறுப்பினர் ஒருவர், விவசாயம் பார்ப்பவர் என்று பேச்சிலேயே தெரிந்தது, ஷட்டரைத் திருகச் சொன்னார். மதகை இயக்கும் ஊழியரான லஸ்கர் திருகினார், கிரீஸ் பளபளக்க அது நன்றாகவே தூக்கியது. அவர் குனிந்து மடைக்குள் பார்த்தார். உள்ளே வெடித்த மண், அதில் முழங்கால் உயரத்துக்குச் சீமைக் கருவேலம். பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டி நின்ற நீர்க்கட்டியிடம் (வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் ஊர்க்காரர்) கேட்டார்: "பெரியவரே, இந்தக் கண்மாய் கடைசியா எப்ப நெறஞ்சு மறுகால் பாஞ்சது?"

"பத்து வருசத்துக்கு மேல இருக்கும்யா. மடை நல்லாத்தான் இருக்கு, தண்ணிதான் வரக் காணோம்."

நான் எழுதியதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. ஆனாலும் அந்தப் பெரியவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த மேற்பார்வை முறையையே வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். தணிக்கை பணத்தின் பின்னால் போகிறது, அது அதன் வேலை, அவசியமும்கூட. ஆனால் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்ற கேள்வியைச் சட்டமன்றம் தானாகக் கேட்டால்தான் உண்டு. துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருடத்தில் கிடைப்பது ஒரு நாள், அதிலும் ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதித் தடுப்பணையைக் கேட்டு உட்கார நேரம் சரியாகிவிடும் (அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஊரில் அதைத்தானே கேட்பார்கள்). துறை தன் திட்டங்களைச் சொல்லும் கொள்கை விளக்கக் குறிப்பை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்கும் உறுப்பினர்கள் குறைவு.

காலம் இன்னொரு பிரச்சினை. செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பும் சென்னை வெள்ளமும் 2015 டிசம்பரில். அதைப் பற்றிய இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அந்த அறிக்கை கேட்டவை நல்ல கேள்விகள், ஆனால் ஷட்டரில் கை வைப்பவருக்கு அவை அடுத்த மழைக்கு முன்னால் வந்து சேர வேண்டும். நிலத்தடி நீர்ச் சட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். 2003-ல் சட்டமன்றமே நிறைவேற்றியது, நடைமுறைக்கு வராமலே பத்து வருடம் கிடந்து 2013-ல் ரத்தானது. அந்தப் பத்து வருடத்தில் எத்தனை போர்வெல் இறங்கியிருக்கும்! நாம் போட்ட சட்டம் என்ன ஆனது என்று சட்டமன்றம் ஆண்டுதோறும் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குத்தானே குழுக்கள் இருக்கின்றன.

சரி, அந்தக் கண்மாய்க்கு வருகிறேன். வரத்துக் கால்வாயைச் சரிசெய்யக் குழு பரிந்துரைத்தது. எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டு அந்தக் கோப்பு திரும்ப என்னிடமே வந்தது. இந்த முறை நீர்க்கட்டியைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கால்வாயில் இறங்கினேன். ஓரிடத்தில் செங்கல் சூளை மண் பாதி அகலத்தை மூடியிருந்தது, இன்னோரிடத்தில் கால்வாயே வாழைத் தோட்டமாகியிருந்தது. அதற்கும் மேலே ஒரு சிறுபாலத்தின் குழாய், கால்வாய்த் தரையைவிட ஓர் அடிக்கு மேல் உயரத்தில். குச்சியை ஊன்றிக் காட்டினார் பெரியவர். "இதத் தாண்டி வரணும்னா தண்ணிக்குக் கால் மொளைக்கணும் தம்பி."

மூன்று இடத்தையும் தூர அளவோடு எழுதினேன், 'மதகு நல்ல நிலையில் உள்ளது, நீர்வரத்து இல்லை' என்றும் எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, "இத அனுப்பினா இன்னும் பத்துக் கேள்வி வரும்யா" என்றார்.

"வரட்டும் சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு வார்த்தையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். நான் மாற்றலாகிப் போகும்போது சூளை மண்ணை அள்ளியிருந்தார்கள். பாலத்தின் குழாய் இன்னும் அதே உயரத்தில்தான் இருந்தது.