பிளக்குக்கு ஒரு பூட்டு: கேபிள் துளை ஒருவழியாகச் சரியானது

டேபிள் சா, அதாவது மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் மரம் அறுக்கும் இயந்திரம். அதன் பிளக்கை உள்ளே போட்டுப் பூட்டும் மரப்பெட்டி முடிந்தது. முடிந்தது என்றால், பூட்டுகிறது, பிளக் வெளியே வரவில்லை, கேபிள் நசுங்கவில்லை. வார்னிஷ் பாக்கி. அடிப்பேனா என்பது சந்தேகம்தான்.

பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பு, இயந்திரத்தில் கை வைக்கும் முன் கரண்டைப் பூட்டச் சொல்லி 1989-இல் வெளியிட்ட விதியே அந்தச் சலுகையைத் தருகிறது: பிடுங்கிய பிளக் வேலை செய்பவரின் கைவசமே இருந்தால் பூட்டு தேவையில்லை. என் பட்டறையில் சாக்கெட், பேண்ட் சா என்ற இன்னொரு ரம்ப இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் குனிந்து பிளேடைப் பிடித்திருக்கும் ஆர்பர் நட்டைக் கழற்றும்போது பிளக் கண்ணில் படாது. ஒத்தாசைக்கு வரும் தம்பிக்கோ, தரையில் ஒரு பிளக் சும்மா கிடந்தால் பொறுக்காது. "அண்ணே, கழண்டு கிடந்துச்சு, மாட்டிட்டேன்" என்பான், நல்ல மனசோடுதான். மின் பெட்டியில் எம்சிபி பிரேக்கரை இறக்கிப் பூட்டலாம், ஆனால் விளக்கும் அதே லைனில்தான் வருகிறது. இருட்டில் பிளேடு மாற்ற முடியாது.

இயந்திரத்தின் சுவிட்சை முன்பே மாற்றியாயிற்று. கேஜேடி 17 ரகம், பச்சை சிவப்புப் பொத்தான். கரண்ட் போனால் உள்ளே சுவிட்சைப் பிடித்துவைத்திருக்கும் காயில் (காந்தச் சுருள்) பிடியை விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பச்சையை அமுக்கினால்தான் ஓடும். தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரிலும் இதே காயில் வேலைதான், அங்கே கரண்ட் வந்ததும் தானே ஓடவைக்கும் 'ஆட்டோ'வை நாமே மாட்டி அதைத் தோற்கடிக்கிறோம். வாங்குபவர்கள் காயில் 230 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள், 120 வோல்ட்டும் அதே முகத்தோடு விற்கிறது. ஆனால் முழங்கை பட்டுப் பச்சை அமுங்கினால் இந்த சுவிட்ச் காப்பாற்றாது.

அமெரிக்க பிளக்கின் தட்டைப் பின்களில் துளை இருக்கும், அதில் சின்னப் பூட்டையே கோத்துவிடுகிறார்கள். நம் 16 ஆம்பியர் பிளக்கில் உருண்டைப் பின், துளையும் கிடையாது. ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில் நம் பிளக் நுழையவே இல்லை. அப்புறம்தான் 12 மி.மீ. பிளைவுட்டில் இறங்கினேன். பெட்டி, மூடி, கீல், கொண்டி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. கொண்டியை மாட்டினால் அதன் ஸ்க்ரூக்கள் மறைய வேண்டும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

என் உயிரை வாங்கியது கேபிள் துளை. அது பெட்டியும் மூடியும் சேரும் கோட்டிலேயே விழ வேண்டும், இரண்டிலும் அரை வட்டம். இரண்டையும் கிளாம்ப் போட்டுத் துளைத்தால் டிரில் பிட் அந்த இடுக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, பிளைவுட் விளிம்பு பிய்கிறது. சரி, துளை வரும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தேக்குத் துண்டில் செய்யலாம், முதலில் துளை, பிறகு நடுவில் அறுப்பு என்று மாற்றினேன். டேபிள் சாவில் அறுத்தால் பிளேடு 3 மி.மீ. தின்றுவிடும், 12 மி.மீ. வட்டம் சப்பையாகி கேபிளைக் கடிக்கும். ஜப்பானிய இழுப்பு ரம்பத்தில் அறுத்தேன். ஒரு மி.மீ. கூடப் போகவில்லை. ஒரு பாதியைப் பெட்டியிலும் மறுபாதியை மூடியிலும் ஒட்டி, பென்சிலில் உப்புத்தாள் சுற்றி விளிம்பை மழுக்கினேன். மூடியதும் துளை ஒரே வட்டமாக நிற்கிறது. தெரிந்த ஆசாரி ஒருவர் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவர் லேசில் ஆட்டமாட்டார்.

பூட்டிய பிறகும் பச்சைப் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையை விடுகிறேன். வேறு பிளக்கைப் பூட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, பூட்டுக்கு ஓர் இடம். பிளேடு ஸ்பேனரைச் சுவரில் ஒரு கொக்கியில் மாட்டி, அதே பூட்டால் பூட்டிவைக்கப் போகிறேன். ஸ்பேனர் வேண்டுமென்றால் பூட்டைக் கழற்றியாக வேண்டும், கழற்றிய பூட்டு கையில் இருக்கும், அது நேரே பிளக் பெட்டிக்குப் போக வேண்டியதுதான். திறந்திருக்கும்போது சாவி வெளியே வராத ரகப் பூட்டாக இருந்தால் இன்னும் நல்லது. பாரிமுனைப் பக்கம் போகும்போது விசாரிக்க வேண்டும். மரம் இழைக்கும் பிளேனருக்கும் இப்படி ஒரு பெட்டி வேண்டும், தேக்குத் துண்டு இன்னொன்று மிச்சம் இருக்கிறது.