கோட்டை மண்ணின் கறுப்பு

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தபோது மாதம் ஒருமுறை கர்நாடகத்தின் பீதருக்குப் போவேன். கறுப்பு உலோகத்தில் வெள்ளி பதிக்கும் வேலைப்பாட்டுக்குப் பித்ரி என்று பெயர்; எங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கான பித்ரி பூச்சாடி, தட்டு, நகைப்பெட்டி எல்லாம் அங்கேதான் தயாராகும். நான் வாணியம்பாடிக்காரன், தக்னி உருது வரும். பட்டறைப் பெரியவரைச் சாச்சா (சித்தப்பா) என்றே கூப்பிடுவேன்.

பாமினி சுல்தான்கள் காலத்தில் பாரசீகத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கலை இது. 1851 லண்டன் பெருங்கண்காட்சியிலேயே இடம்பெற்றது. துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு கலந்து மண் அச்சில் வார்ப்பார்கள். அரத்தால் ராவி, மயில்துத்தக் கரைசல் தடவித் தற்காலிகமாகக் கறுப்பாக்குவார்கள்; அப்போதுதான் உளிக்கோடு கண்ணுக்குத் தெரியும். செதுக்கிய பள்ளத்தில் வெள்ளிக் கம்பியைத் தட்டித் தட்டி இறக்குவார்கள். மண்ணுக்கு வேலை கடைசியில். பீதர் கோட்டைக்குள் வெயிலும் மழையும் படாத இடத்து மண்ணை நவச்சாரத்தோடு தண்ணீரில் கலந்து, சூடேற்றிய சாமானில் தேய்த்தால் உலோகம் கறுத்துவிடும். வெள்ளி மட்டும் பளபளவென்று அப்படியே நிற்கும். மண் சரியானதுதானா என்று சாச்சா நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

ஒருமுறை 40 பூச்சாடிகள் திரும்பி வந்தன. கறுப்பு ஒரே சீராக இல்லையாம். ஒப்புதல் கொடுத்த ஒரே ஒரு மாதிரியோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். நானும் அப்படியே ஒப்பிட்டு, குறைபாடு என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நிறுவனம் அந்தத் தொகையைப் பட்டறைக் கூலியில் பிடித்துக்கொண்டது. அடுத்த முறை போனபோது சாச்சா சண்டை போடவில்லை. "இது பெயிண்ட் இல்லை பேட்டா (மகனே), மண்" என்று மட்டும் சொன்னார். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கம்பி இறக்கியவர்களுக்கு அந்த வாரம் கூலியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றும் மனசு உறுத்துகிறது. அந்த மண்ணைத் தேய்ப்பதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்தவன், வாங்குபவருக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

எவ்வளவோ கேட்டும் பிடித்த பணம் திரும்ப வரவில்லை. மாதிரி வைக்கும் முறையை மாற்ற மட்டும் சம்மதித்தார்கள். இனி ஒன்றுக்குப் பதில் மூன்று: நல்ல அடர்கறுப்பு, நடுத்தரம், லேசாகச் சாம்பல் ஓடியது. மூன்றிலும் வாங்குபவர் கையெழுத்திட்ட சீட்டு. கோட்டை மண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஆர்டரோடு சேர்த்தேன். அப்புறம் நான் அங்கே இருந்தவரை கறுப்புக்காக எதுவும் திரும்பவில்லை.

சாச்சா அந்த மூன்று சாடிகளுக்கும் எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தார். புது ஆர்டர் வந்தால் முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறப்பார்.